ரவுட்டருக்கு வைத்த பொட்டு

போன வருடத்துக்கு முந்தின வருடம், விஜயதசமி அன்று காலையில், செம்பூர் திலக் நகரில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் முதலில் வருவது அன்றைய குழப்பம்தான். வெட்கம் அதற்கு அப்புறம்தான் வரும்.

சென்டர் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. முன்னால் என் மேஜை கிடக்கும் ஆபீஸ், பின்னால் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் உள்ள ஹால். மற்ற நாட்களில் டைப்பிங், கம்ப்யூட்டர் வகுப்புகள் நடக்கும். மாதத்தில் சில நாட்கள், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு நடக்கும். அதை நடத்துகிற கம்பெனி எங்கோ கடல் தாண்டி இருக்கிறது. அவர்களுக்கு நம் தசராவும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. சரியாக விஜயதசமியைப் பார்த்துத் தேதி கொடுத்திருந்தார்கள். நல்ல நாள்தானே, எழுதுகிறவர்களுக்கு ராசியாக இருக்கட்டும் என்று நானும் சரி சொல்லிவிட்டேன்.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்நாட்டை லீவுக்குப் போய்ப் பார்த்ததோடு சரி. ஆனால் ஆயுத பூஜை விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு சமரசமும் கிடையாது. அன்றைக்குப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, எந்தக் கருவியிடமும் வேலை வாங்கக் கூடாது. துடைத்துப் பொட்டு வைத்து ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். மறுநாள் நல்ல நேரத்தில் எடுத்து ஆரம்பித்தால் வருடம் முழுக்க ஒழுங்காக உழைக்கும். வீட்டில் மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் செய்ததை நான் சென்டரில் கம்ப்யூட்டர்களுக்குச் செய்து வந்தேன். எங்கள் ஹால் சூப்பர்வைசர் மராத்திக்காரர். அவர்கள் தசரா அன்றே ஆயுதங்களுக்குப் பூஜை போட்டு, அன்றே வேலையையும் பார்ப்பார்கள். "ஏக் தின் பெஹ்லே க்யோன், மேடம்?" என்று வருடா வருடம் ஹிந்தியில் கேட்பார், ஒரு நாள் முன்னாலேயே எதற்கு என்று. நானும் வருடா வருடம் பதில் சொல்லாமல் ஒரு கிண்ணம் சுண்டலைக் கையில் கொடுத்துவிடுவேன்.

அந்த வருடம் பக்தி கொஞ்சம் கூடிப்போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கம்ப்யூட்டர், பிரிண்டர், விரல் வைக்கிற வருகைப் பதிவு மெஷின், தண்ணீர் ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்து சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கடைசியில் மிஞ்சியது ரவுட்டர். இன்டர்நெட்டை வாங்கி எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. ஹால் மூலையில் உயரத்தில் ஒரு பலகையில் இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறினேன். மூக்குக் கண்ணாடி கீழே மேஜையில் இருந்தது. தடவித் தடவி சுவிட்சைக் கண்டுபிடித்து அணைத்தேன். மேல்பக்கத்தைத் துடைத்தபோது ஏதோ தாள் மாதிரி விரலில் தட்டியது. விலைச் சீட்டாக இருக்கும் என்று விட்டுவிட்டு, அதன் மேலேயே கெட்டிச் சந்தனத்தை மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன்.

முந்தின வருடமும் இதே ஸ்டூலில் ஏறினேன். அப்போது அதை அணைக்கவிடாமல் ஒருவர் தடுத்தார். எங்கள் நெட்வொர்க் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், தேவ்நாரில் குடியிருந்தார். நான் விழுந்துவிடாமல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "பொட்டு தாராளமா வைங்க மேடம், ஆஃப் மட்டும் பண்ணாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நம் பூஜையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நான் மனசுக்குள் நினைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது நிஜம். அடுத்த வருடம் தடுக்க அவர் இல்லை.

விஜயதசமி காலை எட்டரைக்கெல்லாம் வந்து தேங்காய் உடைத்து எல்லாவற்றையும் ஆன் செய்தேன். கம்ப்யூட்டர்கள் ஓடின. ரவுட்டரில் வழக்கம்போலப் பச்சை விளக்குகள் எரிந்தன. என் மேஜைக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் ஜம்மென்று வந்தது. ஹாலில் தேர்வுப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. அடுத்த கம்ப்யூட்டரிலும் அதே கதை. பன்னிரண்டிலும் அதே கதை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இன்டர்நெட் இருக்கிறதா என்றால் இருக்கிறது. இல்லையா என்றால் இல்லை. லைன் கம்பெனிக்குப் போன் செய்தேன். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்லி வைத்துவிட்டாள். தேர்வுக் கம்பெனிக்குப் போன் செய்தேன். எங்கள் பக்கமும் சரி, மற்ற சென்டர்களெல்லாம் இணைந்துவிட்டன என்றார்கள். இரண்டு பக்கமும் சரி என்றால் நடுவில் இருக்கிற நான்தான் கோளாறா? கட்டடத்துக்குக் கேபிள் போடுகிறவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அவர் ரவுட்டரை அணைத்து ஆன் செய்தார். அது முழுதாக விழித்து எழ எட்டு நிமிஷம் ஆயிற்று. வெள்ளைத் திரை, வட்டம். மறுபடி அணைத்து ஆன் செய்தார். மறுபடி எட்டு நிமிஷம், அதே வட்டம். இது தன் வேலை இல்லை, வீட்டில் பூஜைக்குக் காத்திருக்கிறார்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு அவர் போனார்.

இதற்கு நடுவில் கட்டட வாட்ச்மேன் தசரா இலையோடு வந்து நின்றார். தங்கம் மாதிரி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்களே, அந்த ஆப்டா இலை. "சோனம் க்யா, சோன்யாசாரக்கம் ராஹா" என்று மராத்தியில் வாழ்த்தி என் கையில் நாலு இலையை வைத்தார். தங்கம் வாங்கிக்கொள்ளுங்கள், தங்கம் மாதிரி இருங்கள் என்று அர்த்தம். நான் அப்போது இருந்த இருப்புக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாங்கிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பத்து மணிக்குத் தேர்வு எழுதுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். மொத்தம் ஏழு பேர். பதினோரு மணிக்குத் தேர்வு. பன்னிரண்டுக்குள் எல்லோருடைய திரையிலும் தேர்வு ஆரம்பிக்காவிட்டால் அன்றைய தேர்வு ரத்து, அடுத்த மாத நடுவில் வேறு தேதி தருவார்கள். அது கம்பெனியின் விதி. ஆறு பேருக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். ஏழாவது ஆளுக்கு அப்படியில்லை.

அவர் ஒரு நர்ஸ். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தாராவியில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்த கிறிஸ்தவக் குடும்பம். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை. அடையாள அட்டையைச் சரிபார்க்கும்போதே தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வேலைக் கடிதம் வந்திருக்கிறது. அது கைக்கு வர நாலு வருடம் ஆயிற்று. இந்த மாதக் கடைசிக்குள் தேர்வு மார்க்கை அனுப்பாவிட்டால் கடிதம் செல்லாது. ஏற்கெனவே இரண்டு தடவை எழுதி, எழுத்துப் பகுதியில் மட்டும் கொஞ்சத்தில் தவறிவிட்டது. "இது மூணாவது தடவை மேடம். இன்னைக்கு விட்டா அவ்ளோதான்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் கவனிக்கக்கூட இல்லை. என் கவலை வட்டத்தில் இருந்தது.

பதினொன்று அடித்தது. ஒரு சின்ன டெக்னிகல் பிராப்ளம், இதோ சரியாகிவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்து, என் மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூஜை போட்டதற்கா இந்தக் கதி என்று வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். குங்குமம் சரியாக வைக்கவில்லையோ என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அவ்வளவு குழம்பியிருந்தேன்.

அந்த நர்ஸ் எழுந்து வந்து கதவருகே நின்றார்.

"மேடம், இது எப்ப வரைக்கும் நல்லா இருந்துச்சு?"

"முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் நன்னாத்தான் இருந்தது."

"அப்ப நேத்து என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. பூஜை போட்டோம், அவ்வளவுதான்."

"பூஜைன்னா எல்லாத்தையும் ஆஃப் பண்ணுவீங்களா?"

ஆமாம் என்றேன். அதற்கு முன்னால் இந்தப் பெட்டியை எப்போது அணைத்தீர்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மும்பையில் கரண்ட் போவது அபூர்வம். போனாலும் எங்களிடம் பேட்டரி உண்டு. ஹாலில் தேர்வு நடக்க ஆரம்பித்த பிறகு அதை யாரும் அணைத்ததாகவே எனக்கு நினைவில்லை. நோயாளியிடம் கேட்பது மாதிரி, எப்போதிலிருந்து, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது மாதிரி, என்னிடம் வரிசையாகக் கேட்டார். காலையிலிருந்து ஆறேழு பேரிடம் பேசியிருக்கிறேன். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"எங்க டயாலிசிஸ் மெஷினும் இப்டித்தான் மேடம்" என்றார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணோம்னா, ஆளுக்குத் தக்கன போட்டு வச்சத மறந்துரும். மெஷின் நல்லாத்தான் ஓடும், ஆனா அது இந்த ஆளுக்கு ஓடாது. திரும்ப நாமதான் போடணும். இதுக்கு யாரு போட்டு வச்சாங்களோ அவுங்கள கேளுங்க."

போட்டு வைத்தவர் பாய். அவரைக் கேட்பதில்தான் சிக்கல்.

நான்கு மாதங்களுக்கு முன்னால், செலவைக் குறைக்க என்ன வழி என்று சென்டர் முதலாளி கேட்டபோது, பாயின் மாத விசிட்டை நிறுத்திவிடலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். மாதா மாதம் வருவார். ஸ்டூலில் ஏறி விளக்குகளைப் பார்ப்பார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டுவார். ஒரு நோட்டில் நாலு வரி எழுதுவார். டீ குடித்துவிட்டுப் போவார். எதுவும் கெட்டுப்போகவே இல்லை, பின்னே எதற்கு வருகிறார் என்று எனக்குத் தோன்றியது. முதலாளியிடம், "இவர் என்ன வேலை செய்யறார்னே எனக்குப் புரியலை" என்று வாய் கூசாமல் சொன்னேன். பாயிடம் போனில் சொன்னபோது அவர் ஒன்றும் வாதாடவில்லை. "ஒரே ஒரு தடவை மட்டும் வந்து ஒரு சின்ன வேலைய முடிச்சுட்டுப் போயிடுறேனே மேடம்" என்றார். தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்று சொல்லிக் கத்தரித்துவிட்டேன்.

அவர் நம்பர் இன்னும் என் போனில் இருந்தது. எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நர்ஸ் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது மணி பதினொன்று பத்து. கூப்பிட்டேன்.

எடுத்தவுடன், "மேடமா? நல்லா இருக்கீங்களா? பூஜையெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். பின்னால் ரயில் சத்தம். கொங்கண் வழியாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் நடந்ததைக் கொட்டினேன். அணைத்துவிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டார். அதில் கோபம் இல்லை. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தேர்வுக் கம்பெனிக்குப் போக மட்டும் தனியாக ஒரு வழி அந்தப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். அணைத்து ஆன் செய்ததும், பெட்டி அந்த வழி போடுவதற்கு முந்தின பழைய பாடத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டது. ஒவ்வொரு விசிட்டிலும் அன்றைய நிலையை ஒரு ஃபைலாக, விசிட் நம்பரையே பெயராக வைத்து, பெட்டிக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறார். என் கம்ப்யூட்டரிலிருந்தே பெட்டிக்குள் போகலாம். சரியான ஃபைலைத் தேர்ந்தெடுத்து, இதை வைத்து ஆரம்பி என்று ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். பாஸ்வேர்டை ஒருநாள் வற்புறுத்தி என் டைரியில் எழுத வைத்திருந்தார். அன்றைக்கு அதற்கும் நான் முணுமுணுத்திருந்தேன்.

"சுரங்கம் வருது மேடம். நான் திரும்பக் கூப்பிடுற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றார். லைன் அறுந்தது.

டைரியைப் பார்த்து பெட்டிக்குள் போனேன். எனக்குப் புரியாத நூறு சமாச்சாரம் இருந்தது. அந்தப் பெட்டியின் கடிகாரம் அன்றைக்கு ஏதோ ஒரு பழைய வருடத்து ஜனவரி முதல் தேதி என்று காட்டியது. பாவம், அதுவும் என்னைப் போலத்தான், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் இருந்தது. ஒருவழியாக ஃபைல் பட்டியலைக் கண்டுபிடித்தேன். பதினான்கிலிருந்து இருபத்திரண்டு வரை ஒன்பது ஃபைல்கள். பதினான்குக்கு நேராக ஒரு புள்ளி, அதைத்தான் பெட்டி எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறது.

மணி பதினொன்று பதினேழு. பாய் கூப்பிடவில்லை. பதினெட்டு. கூப்பிடவில்லை. நான் பொறுமைசாலி இல்லை என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதில் என்ன பெரிய ரகசியம் இருக்கிறது, கடைசி நம்பர்தானே புதுசு, புதுசுதானே சரியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரைக் கேட்கலாமே என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். இருபத்திரண்டைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட்டை அமுக்கினேன்.

எட்டு நிமிஷம் கழித்து விளக்குகள் எரிந்தன. ஹாலில் வட்டம் சுற்றக்கூட இல்லை, திரை செத்துக் கிடந்தது. என் மேஜைக் கம்ப்யூட்டரிலும் இன்டர்நெட் போய்விட்டது. இருந்ததையும் கெடுத்துவிட்டேன். ஹாலிலிருந்து ஒருவர் வந்து, வீட்டுக்குப் போகலாமா என்று ஹிந்தியில் கேட்டார். நர்ஸ் மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருந்த வாட்சை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை என்னை என்னமோ செய்தது. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பதினொன்று இருபத்தொன்பதுக்குப் பாய் கூப்பிட்டார். "எதையும் தொடலையே மேடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "தொட்டுட்டேன் பாய். இருபத்திரண்டைப் போட்டேன். எல்லாமே போயிடுத்து."

"ஒண்ணும் போகல மேடம், பயப்படாதீங்க. எல்லா ஃபைலும் அங்கேயேதான் இருக்கும்" என்றார். வேறொரு லைன் கம்பெனிக்கு மாறலாம் என்று முதலாளி கேட்டபோது செய்து பார்த்த சோதனைதான் கடைசி மூன்று ஃபைல்களும். அது வேண்டாம் என்று ஆனதும் பழையதற்கே திரும்பியிருக்கிறார். அந்தப் பழையது எந்த நம்பர் என்று கேட்டேன். நிறைய இடங்களைப் பார்க்கிறவர், நம்பர் நினைவில் இல்லை. நோட்டு தேவ்நாரில் வீட்டில், பூட்டிய வீட்டில். மிச்சம் இருப்பது முப்பது நிமிஷம். ஒரு ஃபைலுக்கு எட்டு நிமிஷம்.

"ஆனா பெட்டி மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கேனே மேடம்" என்றார். "எந்த நம்பர்னு அதுல எழுதியிருக்கேன். நீங்க படிக்கணும்னுதான் தமிழ்ல எழுதினேன்."

சீட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விரலில் தட்டிய தாள். அதன் மேல் என் மூன்று விரல் சந்தனம்.

பாயின் லைன் மறுபடி சுரங்கத்தில் போயிற்று. நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் கால் வைப்பதற்குள், நீங்கள் ஏற வேண்டாம் என்று நர்ஸே ஏறினார். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. நடுவில் குங்குமம். நான் கீழேயிருந்து, திரை துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலை நீட்டினேன்.

"ஸ்பிரிட் வேண்டாம்க்கா. பேனா மையும் கரைஞ்சு போயிரும்" என்றார். மேடம் போய் அக்கா ஆகியிருந்ததை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

நகத்தால் சுரண்டிவிடலாமே என்றேன். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. "புண்ணு மேல காஞ்சு போன கட்ட இழுத்தா தோலும் சேந்துல்லா வரும். நனைச்சு வச்சுட்டு சும்மா இருக்கணும், அதுவா விடும்." தன் கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்துத் தரச் சொன்னார். குடிதண்ணீரில் நனைத்து, சொட்டாமல் ஒட்டப் பிழிந்து, சந்தனத்தின் மேல் வைத்து லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இருப்பதிலேயே அதிகம் இழக்கப் போகிறவர் அவர். அவர்தான் அவசரப்படவில்லை. ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முந்தின வருடம் பாய் பிடித்துக்கொண்டு நின்ற அதே இடத்தில்.

சந்தனம் கூழாகி வழித்துக்கொண்டு வந்தது. தமிழ் தனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று சொல்லி, போனில் படம் எடுத்துக் கீழே நீட்டினார். மஞ்சளாகக் கறை படிந்த சீட்டில், பள்ளிக்கூடப் பையன் கையெழுத்து மாதிரி குண்டு குண்டாக எழுதியிருந்தது. '19 தான் சரி. அணைக்க வேண்டாம். அணைந்துவிட்டால் 19ஐ எடுத்து ஆரம்பிக்கவும். புரியாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்க மேடம்.'

மேடம் என்றால் நான்தான். அந்த ஹாலில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். நாலு மாதத்துக்கும் மேலாக அது என் தலைக்கு மேலே இருந்திருக்கிறது.

பத்தொன்பதைத் தேர்ந்தெடுத்தேன். இந்தத் தடவை நர்ஸையும் பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னேன். பத்தொன்பதுதானே என்று இரண்டு தடவை கேட்டு அமுக்கும்போது மணி பதினொன்று முப்பத்தெட்டு. எட்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நர்ஸ் தன் இடத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார், உதடு மட்டும் அசைந்தது. சூப்பர்வைசர் கணபதியைக் கூப்பிட்டார். நான் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று நாற்பத்தாறுக்கு வட்டம் வந்தது. சுற்றியது. நின்றது. தேர்வுப் பக்கம் திறந்தது. ஒவ்வொருவராகப் பெயர் போட்டு உள்ளே போய், ஏழாவது திரையிலும் தேர்வு ஆரம்பித்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. நான் வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது பாய் ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார். சரியாகிவிட்டது என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் ஆரம்பித்தேன். அவர் முடிக்கவிடவில்லை.

"தப்பு என் மேலயும் இருக்கு மேடம். பத்தொன்பத ஓட விட்டேனே தவிர, ஆன் பண்ணும்போதும் அதையே எடுன்னு பெட்டிகிட்ட சொல்லி வைக்கல. சொல்லி வச்சா, ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தாத்தான் மனசு கேக்கும். அன்னைக்கு ஹால்ல பரீட்சை நடந்துக்கிட்டு இருந்துச்சு. அடுத்த தடவை வரும்போது பண்ணிக்கலாம்னு இருந்தேன்."

அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த தடவை ஏன் வரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை வந்து முடித்துவிட்டுப் போகிறேன் என்று அவர் கேட்ட அந்தச் சின்ன வேலை எது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலையிலிருந்து ஒன்றுமே புரியாமல் இருந்த எனக்குக் கடைசியாகப் புரிந்த ஒன்று அதுதான். புரியாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

"நான்தான் உங்களை வர வேண்டாம்னு சொன்னேன் பாய். முதலாளி இல்லை. நான்தான்" என்றேன்.

தெரியும் மேடம் என்றார். ரயில் கிளம்பிவிட்டது.

சாயங்காலம் தேர்வு முடிந்து வெளியே வந்த நர்ஸ், எப்படி எழுதினேன் என்று சொல்வதற்கு முன்னால், "உங்க மெஷின் இப்ப எப்டி இருக்குக்கா?" என்று விசாரித்தார். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. காலையில் வாட்ச்மேன் கொடுத்த இலையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பைபிளுக்குள் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். மாதம் முடிவதற்குள் போன் வந்தது. எழுத்துப் பகுதியிலும் தேறிவிட்டார். இப்போது அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவார்.

முதலாளியிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். பாய் ஊரிலிருந்து திரும்பியதும் பழையபடி மாதா மாதம் வர ஆரம்பித்தார். வந்த முதல் நாளே பத்தொன்பதைச் சொல்லி வைத்து, ரீஸ்டார்ட் செய்து, எட்டு நிமிஷம் கைகட்டி நின்று பார்த்துவிட்டுத்தான் டீயைத் தொட்டார். போன ஆயுத பூஜைக்கு நான் ஸ்டூலில் ஏறும்போது அவரே ஸ்டூல் காலைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் தாராளமாக அணைக்கலாம் மேடம் என்றார். அணைத்தேன். மறுநாள் காலையில் அது தானாகவே எல்லாவற்றையும் நினைவு வைத்துக்கொண்டு எழுந்தது.

மஞ்சள் கறை படிந்த அந்தச் சீட்டை மட்டும் மாற்ற வேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிட்டேன். இப்போதும் யாரையாவது பார்த்து, இவர் அப்படி என்னதான் வேலை செய்கிறார் என்று கேட்க வாயெடுத்தால், என் மூன்று விரல் நுனியிலும் காய்ந்த சந்தனம் உறுத்துகிறது.